சாம்பல் மூடி டியூப்

எங்கள் லேபில் சுகருக்கு ரத்தம் எடுக்கும் டியூபின் மூடி சாம்பல் நிறம். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டையும் சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்த பிளாஸ்மா நிற்கும். இட்லி சாப்பிட்டு வந்தவருக்கு இரண்டு டியூபும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் உள்ளே தள்ளிவிட்டு வந்தவருக்கு இரண்டாவது டியூப் சில சமயம் மங்கலாக, சில சமயம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி, அபூர்வமாக அசல் பால் மாதிரியே இருக்கும். நாங்கள் அதில் சுகரை மட்டும் பார்த்து எண்ணைத் தட்டிவிட்டு, டியூபை ரேக்கில் வைத்துவிடுவோம். அந்த வெள்ளையைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரி வராது, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவில்லை.

14 வருடமாக இதே வேலை, இதே திண்டுக்கல். நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை. மாமாவுக்கு அட்டாக் வரும் வரைக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வயது 56. பாத்திரக் கடை. பீடி சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் சட்டைப் பட்டனை இழுத்துக்கொண்டு நிற்கும். ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, வழியில் இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு கலக்கி, அப்புறம் வீடு, தூக்கம். இதுதான் இருபது வருட வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஊர்.

போன வருடம் நான் நச்சரித்து நச்சரித்து ஒரு கொழுப்பு டெஸ்ட்டுக்கு வர வைத்தேன். "மூணு நாளா எண்ணெயே தொடலை தாயி, வெறும் கஞ்சியும் இட்லியும்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு கையை நீட்டினார். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளை மாதிரி. இவர் மட்டும் இல்லை, பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள், டெஸ்ட்டை ஏமாற்றிவிட்டால் ரத்தக் குழாயையும் ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பு. ரிசல்ட் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 186, எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு 34, ட்ரைகிளிசரைடு (நெய், எண்ணெயில் இருக்கிற கொழுப்பு) 146, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 123. சாப்பிடாத சுகர் 108. எச்டிஎல்லுக்குப் பக்கத்தில் மட்டும் தடித்த எழுத்து விழுந்திருந்தது. ட்ரைகிளிசரைடுக்கு 150 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும், இவருக்கு அதற்கு நாலு கம்மி. "நல்ல கொழுப்பு மட்டும் கொஞ்சம் கம்மி மாமா, நம்ம ஆளுகளுக்கு அது எல்லாருக்குமே அப்படித்தான், மத்ததெல்லாம் நார்மல்" என்றேன். அன்றைக்கு ராத்திரியும் பரோட்டா சாப்பிட்டிருப்பார், என் வாயால் சொன்ன நார்மலைக் கொண்டாடி.

ஏழு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் நெஞ்சு கனக்கிறது என்று உட்கார்ந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு. ஒன்றுக்கு உடனே ஸ்டென்ட். மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 சதவீதம், அதாவது சுகர் வாசற்படி வரை வந்து நிற்கிறது. வார்டுக்கு மாற்றிய அன்று கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தாயி, எல்லாம் நார்மல்னு நீதானே சொன்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை, ஆனால் ரத்தத்தோடு நாள் முழுக்கப் பழகுகிறவள். அதற்குப் பிறகு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பின் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதலில் உறைத்தது ஒரு சின்னக் கேள்விதான். சுகருக்குச் சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று என்று இரண்டு தடவை குத்துகிறோமே, கொழுப்புக்கு மட்டும் ஏன் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டுவிட்டு, ரத்தம் இருப்பதிலேயே சுத்தமாக இருக்கிற நேரமாகப் பார்த்து எடுக்கிறோம்? ஒன்பது மணிக்கு டிபன், ஒன்றரைக்குச் சாப்பாடு, ஐந்துக்கு டீயும் பஜ்ஜியும், பத்தரைக்கு பரோட்டா என்று இருக்கிற மனிதருக்கு வெறும் வயிறு என்பது நாளில் எத்தனை மணி நேரம்? விடிவதற்கு முன்னால் ஒரு ரெண்டு மூணு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் ஒரு வேளையின் கொழுப்பு இறங்கும் முன்னே அடுத்த வேளை ஏறிக்கொண்டிருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்ட நேரத்தில் வந்து பார்த்துவிட்டு இந்தத் தெரு எப்போதும் இப்படித்தான் என்று எழுதிக்கொண்டு போகிற மாதிரிதான் நம் ஃபாஸ்டிங் ரிப்போர்ட்.

கொழுப்பு உடம்புக்குள் போகிற வழி எனக்குப் பாடத்தில் படித்ததுதான், பரீட்சை முடிந்ததும் மறந்ததுதான். மறுபடி படித்தபோது கதை மாதிரி இருந்தது. சோற்றின் மாவுச்சத்தும் பருப்பின் புரதமும் குடலில் உடைந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் ஒரு செக்போஸ்ட், பார்த்துத்தான் உள்ளே விடும். கொழுப்பு மட்டும் அந்த வழியில் போவதில்லை. குடல் செல் அதை மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கட்டி, மேலே புரத உறை போட்டு, கைலோமைக்ரான் என்ற பெரிய உருண்டையாக்கி, நிணநீர்க் குழாயில் தள்ளிவிடுகிறது. அது வயிற்றிலிருந்து நெஞ்சு வழியாக மேலே ஏறி, இடது காறை எலும்புக்குப் பின்னால் கழுத்தடியில் ஒரு பெரிய சிரையில் போய்க் கலக்கிறது. அதாவது நீங்கள் சாப்பிட்ட நெய், கல்லீரலைப் பார்க்கும் முன்பே இதயத்தைச் சுற்றிவிட்டு வந்துவிடும். சாம்பல் மூடி டியூபில் நான் பார்த்த வெள்ளை இந்த உருண்டைகள்தான். ரொம்பப் பெரியவை என்பதால் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, பாலில் நடப்பதும் அதே சங்கதிதான்.

இவ்வளவு பெரிய உருண்டை ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைய முடியாது. ஆபத்து அதற்குப் பிறகு. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இருக்கிற நுண்குழாய்களின் உட்சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்று ஒரு நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடும் லாரியிலிருந்து மூட்டையை இறக்குகிற ஆள் மாதிரி, அது உருண்டைக்குள் இருக்கும் ட்ரைகிளிசரைடை உடைத்து உடைத்து இறக்கிக்கொள்ளும். சரக்கு இறங்க இறங்க உருண்டை சுருங்கும். கடைசியில் மிஞ்சுவது மிச்சத்துகள். ரெம்னன்ட் என்பார்கள். ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் கொலஸ்ட்ரால் அப்படியே உள்ளே. அளவோ இப்போது சுவருக்குள் நுழையும் அளவு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கல்லீரல் இந்த மிச்சத்தை மடமடவென்று வாரிக்கொண்டுவிடும். வாரத் தாமதமானால் அவை சுற்றிக்கொண்டே இருக்கும், சில தமனிச் சுவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

அங்கே காவலுக்கு இருக்கிற மேக்ரோஃபேஜ் செல்கள் இவற்றை விழுங்குகின்றன. எல்டிஎல் துகளாவது ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போன பிறகுதான் அந்தச் செல்களுக்குத் தீனியாகும். மிச்சத்துகளுக்கு அந்தக் காத்திருப்பு கூட வேண்டாம், வந்த கோலத்திலேயே விழுங்கப்படும். ஒரு துகளுக்கு ஒரு துகள் கணக்குப் பார்த்தால் எல்டிஎல்லை விட இதில் கொலஸ்ட்ரால் பல மடங்கு. ட்ரைகிளிசரைடைப் பெரும்பாலான செல்கள் எரித்துவிடும், கொலஸ்ட்ராலை உடைக்க நம் செல்களுக்குத் தெரியாது. தின்று தின்று நுரை மாதிரி உப்பி அங்கேயே செத்துக் கிடக்கும். அடைப்பு தொடங்கும் இடம் அது.

இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இந்தத் தொழில் மொத்தமும் மந்தமாகிவிடும். சரக்கு இறக்குகிற அந்த நொதியைக் கொழுப்புத் திசுவில் தூண்டிவிடுவது இன்சுலின்தான். அது ஒரு பக்கம் சோம்ப, மறுபக்கம் கல்லீரல் தன் பங்குக்கு விஎல்டிஎல் என்ற இன்னொரு வகைக் கொழுப்பு உருண்டையை அளவில்லாமல் உற்பத்தி பண்ணி ரத்தத்தில் விடும். இறக்குகிற ஆள் ஒருவன், வரிசையில் நிற்கிற லாரி இரட்டிப்பு. ஒல்லியான காலும் தொப்பையும் 108 சுகருமாக என் மாமா நின்றாரே, அந்த வரிசை அவருக்குள் வருடக்கணக்காக நின்றிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். எச்டிஎல் 34 என்பதும் அதே கதையின் இன்னொரு நுனிதான், ட்ரைகிளிசரைடு உருண்டைகள் அதிகம் சுற்றும் ரத்தத்தில் எச்டிஎல் கரைந்துகொண்டே வரும். நான் அதைத்தான் "நம்ம ஆளுகளுக்கு அப்படித்தான்" என்று தள்ளிவிட்டேன்.

நம்ம ஆளுகளுக்கு அப்படித்தான் என்பது பொய்யும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆர் இந்தியா முழுக்க எடுத்த இண்டியாப் ஆய்வின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. 2014இல் அதன் கொழுப்புக் கணக்கு வெளியானது. 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு, 29.5 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். எல்லாருக்கும் இருக்கிறது என்பதால் அது நார்மல் ஆகிவிடுமா? என்னவோ நான் ஆக்கிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அடைப்பு வளர்கிறது என்று பளிச்சென்று சொன்னவர் டொனால்ட் ஸில்வர்ஸ்மிட். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 1979இல் சர்க்குலேஷன் இதழில் எழுதினார். மிச்சத்துகள்தான் குற்றவாளி, அவை உருவாவது சாப்பிட்ட பின்பு, ஆகவே தமனி நோய் சாப்பாட்டுக்குப் பிந்தைய நிகழ்வு என்று. ரொம்ப நாள் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, எல்டிஎல்லும் அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் மேடையைப் பிடித்துக்கொண்ட காலம். 1997இல் ராபர்ட் வோகல் குழு ஆரோக்கியமான பத்துப் பேருக்கு 50 கிராம் கொழுப்பு உள்ள ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்து, கை ரத்தக் குழாயை அல்ட்ராசவுண்டில் பார்த்தது. கையில் பட்டையைக் கட்டி ரத்தத்தை நிறுத்தி, விட்டவுடன் குழாய் எவ்வளவு விரிகிறது என்று பார்க்கிற சோதனை. கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு சில மணி நேரத்துக்கு அந்த விரிதல் மந்தமாகிவிட்டது, கொழுப்பில்லாத சாப்பாட்டுக்குப் பிறகு அப்படி ஆகவில்லை. பத்துப் பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் ஒரே ஒரு வேளைக்கு!

அப்புறம் 2007 ஜூலையில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய ஆய்வுகள். ஒன்று கோபன்ஹேகனில், 13,981 பேரைச் சராசரியாக 26 வருடம் தொடர்ந்து பார்த்தது. வெறும் வயிற்றில் எடுக்கவில்லை, வந்தபோது இருந்த நிலையில் எடுத்த ட்ரைகிளிசரைடு. அது ஏற ஏற மாரடைப்பும் மரணமும் ஏறியிருந்தன. இன்னொன்று அமெரிக்காவில் 26,509 பெண்களிடம். சாப்பிட்டு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் எடுத்த ட்ரைகிளிசரைடுதான் இதய நோயோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது, மற்ற காரணங்களைக் கழித்த பிறகு வெறும் வயிற்று எண்ணுக்கு அவ்வளவு மதிப்பில்லை. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டென்மார்க்கில் 2009இலிருந்தே கொழுப்பு டெஸ்ட்டுக்குப் பட்டினி தேவையில்லை. 2016இல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று சேர்ந்து, வழக்கமான பரிசோதனைக்கு வெறும் வயிறு அவசியம் இல்லை, சாப்பிட்ட நிலையில் ட்ரைகிளிசரைடு 175ஐத் தொட்டால் அதிகம் என்று எழுதுங்கள், 440ஐத் தாண்டினால் மட்டும் பட்டினியோடு திரும்பப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னும் காலை ஏழு மணிக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் வயதானவர்கள் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறார்கள். (தண்ணீர் குடிக்கலாம். தயவுசெய்து குடியுங்கள். நரம்பு கிடைக்காமல் நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.)

இந்தப் பட்டினிக்குப் பின்னால் இருக்கிற ஒரு காரணம் பலருக்குத் தெரியாது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற எல்டிஎல் பல லேப்களில் அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. ஃப்ரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1972இல் கொடுத்த சூத்திரம். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி, மிச்சம் எல்டிஎல். மாமாவுக்குப் போட்டுப் பாருங்கள்: 186இல் 34 போனால் 152, 146ஐ ஐந்தால் வகுத்தால் 29, மிச்சம் 123. இப்போது இவர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து ட்ரைகிளிசரைடு 300 ஆகியிருந்தால்? கழிக்கிற எண் 60 ஆகிவிடும், எல்டிஎல் 92 என்று வந்து நிற்கும். பிரியாணி சாப்பிட்டால் கெட்ட கொழுப்பு குறையும்! 400க்கு மேலே போனால் சூத்திரம் மொத்தமாகப் படுத்துவிடும். ஆக, வெறும் வயிற்றில் வரச் சொன்னதில் உங்கள் உடம்பைப் பற்றிய அக்கறை ஒரு பங்கு என்றால், எங்கள் கணக்கு கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை இன்னொரு பங்கு.

சரி, படித்தது போதும், பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கே டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். ரீஏஜென்ட் காசு என் பாக்கெட்டிலிருந்து, ரத்தம் எடுத்தது கூட வேலை பார்க்கும் அக்கா, நாலாவது தடவை குத்தும்போது "உனக்கு வேற பொழப்பு இல்லையாடி" என்று திட்டிக்கொண்டே எடுத்தார். வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு 118. பதினொன்றரைக்கு மட்டன் பிரியாணி, பக்கத்தில் ஒரு சுக்கா, எலுமிச்சை சோடா. இரண்டு மணி நேரத்தில் 171. நான்கு மணி நேரத்தில் 236. ஆறு மணி நேரத்தில் 198. ராத்திரி ஏழரைக்கு எடுத்தபோதும் 141, இன்னும் காலை எண்ணுக்கு இறங்கவில்லை. நான்காம் மணி டியூபைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பாலாக இல்லை, ஆனால் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி ஒரு மங்கல். எனக்கு 38 வயது, சுகர் இல்லை. வழக்கமான சாப்பாட்டுக்கு ட்ரைகிளிசரைடு சராசரியாக 26 தான் ஏறும் என்று அந்த ஐரோப்பிய அறிக்கையில் இருக்கிறது, நான் ஒரே வேளையில் 118 ஏற்றியிருக்கிறேன். பிரியாணி வழக்கமான சாப்பாட்டில் சேராது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதையே திரும்பச் செய்தேன். அதே கடை, அதே அளவு. ஒரே வித்தியாசம், முதல் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடந்தேன். நான்காம் மணியில் 189. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, ஆய்வுகளில் படித்ததைத்தான் செய்து பார்த்தேன். இன்றைக்கு நடந்தால் தசையில் அந்தச் சரக்கு இறக்குகிற நொதி அதிகமாவது சில மணி நேரம் கழித்துத்தான், அதனால் பலன் நாளைக்குச் சாப்பாட்டில் தெரியும். சாப்பிட்டுவிட்டு நடப்பது சுகருக்கு நல்லது, கொழுப்புக்கு முந்தின நாள் நடை. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் வேலை செய்கிறது. ஆனால் சேமித்து வைக்க முடியாது, இரண்டு மூன்று நாள் விட்டால் போச்சு. ஒரு ஆள், இரண்டு பிரியாணி, இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் 236க்கும் 189க்கும் நடுவில் என் செருப்புத் தேய்ந்தது உண்மை.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்தியது. ஒரு வேளையில் சாப்பிட்ட கொழுப்பு முழுவதும் அந்த வேளையிலேயே ரத்தத்துக்கு வந்துவிடுவதில்லை. கொஞ்சத்தைக் குடல் செல் பிடித்து வைத்திருக்கும். அடுத்த வேளை வாயில் வைத்த சிறிது நேரத்திலேயே பழைய பாக்கியை ரத்தத்தில் இறக்கும். மத்தியானக் குழம்பின் எண்ணெய் சாயங்கால பஜ்ஜியின் முதல் கடியோடு வெளியே வருகிறது. கூடவே சர்க்கரை சேர்ந்தால், அதாவது பிரியாணிக்குக் கலர் குடிப்பது, விருந்தில் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்குவது, ஏற்றம் இன்னும் கூடும். சாராயம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். திங்கட்கிழமை காலையில் கொஞ்சம் ஆண்களின் டியூபைப் பார்த்தாலே முந்தின நாள் கச்சேரி எத்தனை மணிக்கு முடிந்தது என்று அக்கா சொல்லிவிடுவார்.

ஆனால் ஒன்று. ட்ரைகிளிசரைடு எண்ணைக் கீழே இறக்கிவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. பிராமினன்ட் என்ற பெரிய ஆய்வு 2022இல் வந்தது. சுகர் உள்ள 10,497 பேர், பாதிப் பேருக்குப் பெமாஃபைப்ரேட் மாத்திரை. ட்ரைகிளிசரைடு நன்றாகவே இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை. ஏன் என்று தேடினால், மாத்திரை லாரியிலிருந்து சரக்கை இறக்க உதவியது, காலி லாரியை ரோட்டை விட்டு எடுக்கவில்லை. கொலஸ்ட்ரால் ஏற்றிய துகளின் எண்ணிக்கை குறையவில்லை, அந்தத் துகள்களை எண்ணுகிற அபோபி என்கிற அளவு கொஞ்சம் ஏறியே இருந்தது. மறுபக்கம், பிறவியிலேயே அபோசி3 என்ற மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாதவர்களுக்கு ட்ரைகிளிசரைடும் குறைவு, இதய நோயும் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு என்று 2014இல் கண்டார்கள். அவர்கள் உடம்பு மிச்சத்துகளையும் சேர்த்துத் துப்புரவாக வாருகிறது. ஆக, வெள்ளை நிறம் ஒரு அறிகுறி, அடைப்பது அதன் பின்னால் சுற்றும் துகள். மீன் எண்ணெய் மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டு பரோட்டாவைத் தொடர்கிற சித்தப்பாக்களுக்கு இதைச் சொல்லி நான் அலுத்துவிட்டேன்.

துகள்களை எண்ணுகிற அபோபி டெஸ்ட் பெரிய லேப்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் காசில்லாத ஒரு கழித்தல் உங்கள் பழைய ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழியுங்கள். எல்டிஎல், விஎல்டிஎல், மிச்சத்துகள், எல்லாக் கெட்டதும் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது, வெறும் வயிறும் தேவையில்லை, சாப்பிட்டால் அது பெரிதாக மாறுவதும் இல்லை. 130க்குக் கீழே இருப்பது நல்லது, இதய நோய் வந்தவர்களுக்கு இன்னும் ரொம்பக் கீழே. மாமாவுக்கு 152. நாங்கள் கொடுத்த தாளில் அந்த வரியே இல்லை. கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவும் இல்லை. நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது அந்த ஒரு கழித்தல், ஒரு டாக்டர் சீட்டு, அவ்வளவுதான். எதை மாற்றியிருக்கும் என்று தெரியாது, ஆனால் "நார்மல்" என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது.

மாமா இப்போது ஸ்டாட்டின் சாப்பிடுகிறார், கடையைத் தம்பி பையனிடம் விட்டுவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுகிறார், சாயங்காலம் மலைக்கோட்டை அடிவாரத்தில் நடக்கிறார், நடப்பதை விட நின்று பேசுவது அதிகம் என்று அத்தை புகார். போன மாதம் ஒரு நாள் பொங்கலும் வடையும் சாப்பிட வைத்து, நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தும் ட்ரைகிளிசரைடு 268. எண்ணைச் சொன்னால் மண்டையில் ஏறாது என்று, சிவப்பு அடியில் தங்கிய பின் மேலே நின்ற சீரத்தைத் தனி டியூபில் ஊற்றி, ராத்திரி லேப் ஃபிரிட்ஜில் நிற்க வைத்துவிட்டு வந்தேன். கைலோமைக்ரான் எடை குறைவு, குளிரில் அசையாமல் வைத்தால் மேலே ஏறி நிற்கும்.

காலையில் வந்து பார்த்தார். அடியில் லேசாகக் கலங்கிய மஞ்சள், மேலே சின்ன விரல் நகம் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு ஏடு. டியூபைச் சாய்த்தார், ஏடும் சோம்பலாகச் சாய்ந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இது என் ரத்தத்துல இருந்து வந்ததா தாயி?"

"ஆமா மாமா. நேத்து காலைப் பொங்கல்."

"வடையும்தானே?"

"வடையும்தான்."

டியூபைத் திரும்ப ரேக்கில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார், விரலில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை. "அத்தைகிட்ட இதைக் காட்டாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.